மருமகனோடு வந்த யூக்கா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத உட்கார்ந்தால் பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். முன்னால் நடந்தது மறந்துபோகும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம்தானே என்று மகள் கேட்கிறாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

புத்தளத்துக் கரையில் எங்கள் வீட்டு வளவில் கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் யூக்காச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. வாள் மாதிரி நீண்ட இலை, நுனியில் ஊசி. ரோட்டால் போகிறவர்கள் தாழை என்கிறார்கள், சிலர் கற்றாழை என்கிறார்கள். கண்டக்குழிப் பக்கம் தங்க வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் வேலியடியில் சைக்கிளை நிறுத்தி, நெஞ்சில் கையை வைத்து, "யூக்கா, யூக்கா" என்றாள். தன் வீட்டிலும் இருக்கிறதாம். அங்கே அதன்மேல் பனி கொட்டுமாம். கையைக் கட்டி நடுங்கிக் காட்டினாள். எனக்கு அது புதுச்செய்தி இல்லை. இந்தச் செடி குளிருக்குப் பயப்படாது என்பது எனக்கு முன்பே தெரியும். அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் மருமகன்.

மருமகன் நுவரெலியாப் பக்கம். மரக்கறி லொறியில் எங்கள் பக்கத்துக்கு வெங்காயம் ஏற்ற வந்துபோனவர். அதற்கு முன்னால் மலையில் பூக்கன்றுத் தோட்டத்தில் வேலை செய்தவராம். நல்ல பிள்ளை என்று வெங்காய முதலாளி சொல்லித்தான் கலியாணம் பேசினோம். எங்களுக்குள் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கு ஒரே மகள். அவளுடைய வாப்பா மவுத்தாகிப் பல வருஷம். அதனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் முதலிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டேன். "ஓம், வந்து இருப்பார்" என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

கலியாணத்தன்று மலையிலிருந்து வேன் வந்தது. வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் கழற்றிய ஸ்வெட்டர். மாப்பிள்ளை இறங்கினார், மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு பூச்சட்டியோடு. அதில்தான் இந்தச் செடி நின்றது. பக்கத்து வீட்டு ராத்தா விடுவாளா?

"ஆ, மாப்பிள்ளை வாள்கட்டோட வாறாரு! புள்ள, கவனம். மொத நாளே வெட்டிப்போட்டிருவாரு."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைக்குக் காது சிவந்துபோனது. அவரும் என்னைப் போல வெட்கக்காரர்தான் என்று அப்போதே விளங்கிவிட்டது.

விருந்து முடிந்து மலைக்காரர்கள் புறப்பட்ட பிறகு அவர் அந்தச் செடியைக் கிணற்றடியில் நட்டார். மகள் பக்கத்தில் நின்றாள். குசினி யன்னலால் எனக்குப் பேச்சுக் கேட்டது.

"எங்கட ஊர்ல தை மாசம் விடியக்காலையில உறைபனி விழும். உருளைக்கிழங்கு இலை எல்லாம் சுடுதண்ணி ஊத்தின மாதிரிக் கருகிப் போகும். இது மட்டும் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையா உறைஞ்சி அப்படியே நிக்கும். வெயில் வந்தா உதறிட்டுப் பச்சையா இருக்கும். ஆனா ஒங்கட மணலுக்கு நிக்குமா தெரியாது."

"நிக்காட்டி?" என்று மகள் கேட்டாள்.

"இது நிண்டா நானும் நிப்பேன். பட்டுப் போனா ரெண்டு பேரும் மலைக்குப் போயிருவோம்."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் இந்த மண்ணில் பிறந்தவள் இல்லை. தொண்ணூறில் எங்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்து, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் ஊற்றித்தான் பிள்ளையை வளர்த்தேன். இரண்டு கையிலும் பூவாளி. காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். இந்த மணலில் காலையில் ஊற்றின தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். ஒரு வேளை தவறினால் வெங்காயத்தாள் சாய்ந்துவிடும். செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், நிறைய ஊற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். ஆகவே சுபஹ் தொழுதவுடன் முதல் வேலை, இரண்டு வாளித் தண்ணீர் அந்தச் செடிக்கு. மருமகன் எழும்புவதற்கு முன்னால் ஊற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அவருக்கு முன்னால் நிற்க எனக்கு வெட்கம். மாமியாரும் மருமகனும் கதைக்கக் கூடாது என்று மார்க்கத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் உம்மாமார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைத்ததை நான் கண்டதில்லை. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் பாயில் இருப்பார். கையை நீட்டினால் தொடலாம்.

"மகள், மருமகனுக்கு இன்னொரு துண்டு மீன் வைங்க" என்பேன்.

"மாமிட மீன் ஆணம் நல்லா ஈக்கி எண்டு சொல்லுங்க" என்பார் அவர். 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும்.

மகள் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பி, "நான் என்ன டெலிபோனா?" என்பாள்.

நல்லது என்று அவர் சொன்னால் நான் இன்னொரு அகப்பை அனுப்புவேன். பீங்கான் தட்டில் மிச்சம் வைத்தால் கடற்கரைக்காரர்கள் குறையாக நினைப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அவர் எல்லாவற்றையும் தின்பார். பீங்கான் வெறுமையானால் பசி தீரவில்லை என்று நான் நினைப்பேன். மறுபடியும் வைப்பேன். மடவை, நண்டு, கணவாய், மீன்தலை என்று அந்த மனிதர் தின்னாதது இல்லை. லீக்ஸும் கிழங்கும் தின்று வளர்ந்த வயிறு அது. பின்னேரங்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் போய் நிற்பார். செடியைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செடி முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடி இலைகள் மஞ்சளாயின. மஞ்சளாவது வெயிலால் என்று நினைத்து நான் இன்னும் ஒரு வாளி கூட்டினேன். மருமகனும் மெலிந்துகொண்டு வந்தார். ஒருநாள் அவர் தன் உம்மாவோடு போனில் கதைப்பதைக் கேட்டேன்.

"இல்ல உம்மா, நல்லாத்தான் பாக்குறாங்க. சும்மா வயிறுதான். வாறேன், பார்ப்போம்."

அந்த 'பார்ப்போம்' என்ற சொல் எனக்கு முள்ளாகக் குத்தியது. செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அல்லாஹ்வே, இதை நிற்க வை என்று துஆச் செய்தேன்.

அதற்குள் மகள் பிள்ளைத்தாய்ச்சியானாள். மாரிமழை தொடங்கின நாட்களில் பிரஷர் கூடிவிட்டது என்று அவளைப் புத்தளத்து ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். வார்டில் துணைக்கு ஆள் விடவில்லை. பார்க்கிற நேரத்தில் மட்டும் போய்வரலாம். வீட்டில் மருமகனும் நானும். டெலிபோன் இல்லாத வீடாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருந்தது. நான் பூனையிடம், "தேத்தண்ணி ஆறுது" என்பேன். மருமகன் வந்து குடித்துவிட்டு, பூனையிடம், "ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வேன் சொல்லி ஈக்கி" என்பார். நான் இரண்டு மணிக்கு ஆயத்தமாக நிற்பேன். பூனை பாவம், யாராவது வாயைத் திறந்தால் மீன் என்று நினைத்து ஓடிவரும்.

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பார்த்தால், செடி கிணற்றுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. மருமகன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அதைப் பிடித்துத் தூக்கினார். தண்டு கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, கூழாகிப் போயிருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இது மீன் நாத்தமே" என்றார், கிணற்றைப் பார்த்து.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ராத்தாவின் தலை வந்தது. "அது நான்தான் மகன். சூடை மீன் கழுவின தண்ணி. ஒவ்வொரு நாளும் வேலியால ஊத்துவேன். முருங்கைக்கு என்ன மாதிரி ஒரம் தெரியுமா! ஒங்கட செடியாச்சே, நாங்க கவனிக்காம விடுவமா?"

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் காலையில ரெண்டு வாளி" என்று பூனைக்குச் சொன்னேன். பூனை அங்கே இல்லை.

மருமகன் என் பக்கம் திரும்பாமலே, "நானும் பின்னேரத்தில ரெண்டு வாளி ஊத்தினேன். மலைல ஊத்துறதே இல்ல. ஒங்கட வெயிலப் பார்த்துப் பயந்துட்டேன்" என்றார். பிறகு நினைத்துக்கொண்டு, "ஒங்கட மகள் அரிசி கழுவின தண்ணி ஊத்துறதையும் கண்டேன்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ராத்தாவும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. கதவைவிட்டு வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தே கேட்டேன்.

"அப்ப நீங்க மலைக்குப் போறீங்களா, மருமகன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவரோடு நேராகக் கதைத்த முதல் சொல் அதுதான்.

"ஏன் மாமி?"

"இது பட்டா மலைக்குப் போயிருவோம் எண்டு சொன்னீங்களே."

அவருக்கு அதை நினைவுபடுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. தலையைக் குனிந்து கையில் ஒட்டின மண்ணைத் தேய்த்தார்.

"அண்டைக்குப் பகிடியாத்தான் சொன்னேன் மாமி. ஆனா இப்ப கொஞ்ச நாளாப் போற நெனப்பும் ஈக்கி. பொய் சொல்லேலா. வயிறு சரியில்ல. உம்மாட ஞாபகமாவே ஈக்கி."

அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் உள்ளதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவர் குழிக்குள் கையைவிட்டுத் துழாவினார். உள்ளேயிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தார். கால் பெருவிரல் மாதிரி மொத்தமாக இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே சுத்தமாக, பால் நிறத்தில் இருந்தது. பிறகு இன்னும் சில துண்டுகள் வந்தன.

"இது சாகல்ல மாமி" என்றார். "மேலதான் அழுகி ஈக்கி. கீழ உசிரு ஈக்கி."

அழுகின இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல துண்டுகளைக் குசினித் தாவாரத்தில் காயவைத்தார். நடவில்லையே என்று எனக்குப் பதைப்பு. வெட்டின வாய் காய்ந்து மூட வேண்டும், ஈரத்தில் வைத்தால் திரும்பவும் அழுகும், குளிர் இதை ஒன்றும் செய்யாது, கால் நனைந்து நிற்பதுதான் இதற்கு ஆகாது என்று விளங்கப்படுத்தினார். பிறகு வேலியடியில் மணலை மேடாகக் குவித்து, உடைந்த ஓட்டுத் துண்டும் சிப்பியும் கலந்து, அதில் ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து மூடினார். மழை பின்வாங்கிய பிறகுதான் நட்டார் என்று நினைவு.

"இனி யாரும் தண்ணி ஊத்தக் கூடாது" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

அது லேசான காரியமா? சுபஹுக்குப் பிறகு என் கைகள் இரண்டும் வேலையில்லாமல் தொங்கின. கிணற்றடிக்குப் போவேன், வாளியைத் தூக்குவேன், வைத்துவிட்டு வருவேன். ராத்தா மீன்சட்டியோடு வேலிக்கு வந்தால் நான் ஓடிப்போய் நடுவில் நிற்பேன்.

"செடியப் பட்டினி போடுற வீட்ட இண்டைக்குத்தான் காணுறன்" என்று சட்டியை முருங்கைக்குக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

செடிக்கு ஊற்றாமல் இருக்கப் பழகின அந்த நாட்களில்தான் எனக்கு மருமகனின் பீங்கான் ஞாபகம் வந்தது. சோற்றையும் ஆணத்தையும் தனித்தனிக் கோப்பையில் மூடிவைத்து, அகப்பையையும் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் வெளியே போய்விடத் தொடங்கினேன். முதல் நாள் அவர் கொஞ்சச் சோறும் பருப்பும் மட்டும் எடுத்திருந்தார். மீன் வைத்தபடியே இருந்தது. குசினியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாளும் அப்படித்தான். கிழங்கு வாங்கி அவித்து வைத்தேன், அதை முடித்திருந்தார். மகள் பிரஷர் குறைந்து வீட்டுக்கு வந்தபோது, "என்ன உம்மா, இவர் முகம் தெளிஞ்சிருக்கே?" என்றாள்.

ஒரு மத்தியானம் வெளியே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருந்தேன். உள்ளேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

"மாமி, மாசிச் சம்பல் முடிஞ்சிட்டா?"

மகளிடம் இல்லை, பூனையிடம் இல்லை. என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயால் கேட்டு வாங்கின முதல் சாப்பாடு அது. இருந்தது முடிந்துவிட்டதுதான். "இரிக்கிது, கொஞ்சம் பொறுங்க மருமகன்" என்று சொல்லிவிட்டு, கீரையைக் கீழே போட்டு, ஓடிப்போய் மாசிக் கருவாட்டை இடித்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் அளவாக வைத்தேன். அகப்பை நிறைய அள்ளிப்போடத் துடித்த கையை அடக்கிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

முளை வந்ததை நான்தான் முதலில் கண்டேன். மணல் மேட்டில் குடையை மடக்கின மாதிரி ஒரு பச்சைக் கூர். குனிந்து பார்த்தேன். இன்னொன்று. நான் என்ன செய்தேன் என்றால், வளவில் நின்றபடியே, "மருமகன்! மருமகன்!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் கழுவின நுரையோடு ஓடிவந்தார். ராத்தா விறகுக்கட்டையோடு வேலியைச் சுற்றி வந்தாள்.

"எங்க பாம்பு?"

"பாம்பு இல்ல, ராத்தா. முளை."

"யா அல்லாஹ்! இவ்வளவு காலமும் நான் உன்ட குரலையே கேட்டதில்ல. இதுக்கா கத்தின?"

மருமகன் முளையின் பக்கத்தில் குந்தியிருந்து விரலால் மணலை விலக்கினார். "நிண்டுட்டு மாமி" என்றார். முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அவர் தன் உம்மாவுக்குப் போன் எடுத்தார். நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவர் சத்தமாகத்தான் கதைப்பார். "வெங்காய சீசன் முடிய வாறேன் உம்மா. ரெண்டு கிழமை நிண்டுட்டுத் திரும்பி வந்திருவேன். ஓம். இங்கதான் இனி." எனக்குச் சந்தோஷத்தில் ஷுக்ருச் செய்து அல்லாஹ்வுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் ஒன்றும் கதைக்காமல் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். மறுபக்கத்தில் அந்த உம்மாவும் கதைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கிடைத்தது அவளிடமிருந்து போனது. என் துஆவை அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்கியபோது அவளும் எதற்கோ துஆக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாள்தானே.

அவர் போகும்போது, நன்றாக வேர்விட்ட ஒரு கன்றை ஈரமில்லாத சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். "உம்மாட்டக் குடுங்க" என்றேன். நேராகத்தான் சொன்னேன். அதற்குள் பழகிவிட்டது.

அவர் திரும்பி வந்து சில நாளில் மலையிலிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மா என்னோடு கதைக்க வேண்டுமாம். கை ஈரம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் போனை என் காதில் பிடித்தாள்.

"மச்சி, செடிய நட்டாச்சி. இதுக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"

"ஊத்தவே வாணாம் மச்சி."

"ஊத்தாம எப்படி?" என்றாள் அவள். பிறகு, "அவன் சாப்பிடுறானா?" என்று கேட்டாள்.

"கேட்டு வாங்கிச் சாப்பிடுறார்" என்றேன்.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஏதோ ஒரு சத்தம் வந்தது.

அடுத்த உறைபனிக் காலத்தில் அங்கேயிருந்து ஒரு படம் அனுப்பினார்கள். மகள் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். புல்லெல்லாம் மாவு தூவின மாதிரி வெள்ளை. நடுவில் எங்கள் மணலில் முளைத்த அந்தக் கன்று. அதன்மேல் ஒரு பழைய கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது. இலை நுனிகள் சால்வையைக் குத்திக்கொண்டு வெளியே நின்றன.

"இதுக்கு ஒண்டும் போர்த்தத் தேவையில்ல எண்டு உம்மாக்கு நல்லாத் தெரியும்" என்று மருமகன் சிரித்தார். "நான் சின்னப் பிள்ளையா ஈக்கக்குள்ள எனக்குப் போர்த்தின சால்வை அது."

அதற்குப் பிறகு எங்களிடம் செடி பெருகிவிட்டது. அதற்குள் பேத்தியும் பிறந்திருந்தாள்; அவள் நடக்கத் தொடங்கினதும் கண்ணில் குத்திவிடுமென்று பயந்து, கீழ் இலைகளின் ஊசிகளை மருமகன் நறுக்கிவிட்டார். எங்கள் செடி இன்னும் பூக்கவில்லை. மலையில் இருப்பது பூத்துவிட்டதாம், வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதாம். அதற்கு எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. அங்கே ஏதாவது பூக்கத்தான் வேண்டும்.

இதை மருமகன் ஒருதரம் வாசித்துப் பார்த்தால் நல்லது. உறைபனி விழுவது தையில்தானா, வெட்டின துண்டுகளை எத்தனை நாள் காயவைத்தார், நட்டது மழைக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பிழை இருந்தால் அவர் திருத்தட்டும். மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். குசினிக்கு வந்து என்னிடமே சொல்லலாம்.